'வேணும்'னு சொன்னா என்ன அர்த்தம்?

2025 தீபாவளிக்கு ஐந்தாறு நாள் இருக்கும்போது விடுதியிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். "ம்மா, எனக்குப் புது லேப்டாப் வேணும்" என்றேன். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பழசு செத்துப் போச்சாய்யா?"

"அப்படித்தான்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். லேப்டாப்பைப் பற்றியும் எழுதத்தான் போகிறேன், உங்களில் பாதிப் பேர் அதற்காகத்தான் படிப்பீர்கள் என்று தெரியும். ஆனால் இரண்டையும் பிரித்து எழுத எனக்கு வரவில்லை.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். லேப்டாப் சாகவில்லை. மெதுவாக இருந்தது. பொத்தானை அழுத்திவிட்டுக் குளித்து வந்தால் சரியாக இருக்கும் என்கிற அளவுக்கு மெது. 2015-இல் வந்த மாடல் அது. ஈப்போவில் இருக்கும் மாமா அலுவலகத்தில் ஓட்டித் தேய்த்தது. 2020 மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நான் படிவம் ஐந்து. கேமரன் மலையில், ரிங்லெட்டைத் தாண்டி உள்ளே போகும் தோட்டத்து வீட்டில், அம்மாவின் போனில்தான் எனக்கும் தங்கச்சிக்கும் பாடம். ஒருத்தருக்கு வகுப்பு நடந்தால் இன்னொருத்தர் வாசற்படியில் உட்கார்ந்திருக்கணும். அதைப் பார்த்துவிட்டு மாமா 400 வெள்ளிக்கு இந்த லேப்டாப்பைக் கொடுத்தார். அதையும் இரண்டு தவணையாக வாங்கிக்கொண்டார். எஸ்.பி.எம்., மெட்ரிகுலேஷன், அப்புறம் மூன்று வருடப் பொறியியல் படிப்பு, எல்லாவற்றுக்கும் கூட வந்தது இதுதான்.

இன்னொரு உண்மையும் உண்டு. என் அறைத் தோழன் செப்டம்பரில் ஒரு புது லேப்டாப் வாங்கினான். விரல் தடிமன்தான் இருக்கும். திறந்த மாத்திரத்தில் விழித்துக்கொள்ளும். அதற்கு முன்பு என் லேப்டாப் மெது என்று நான் புலம்பியதே இல்லை.

இதில் சிரிப்பு என்னவென்றால், அக்டோபர் 1ஆம் தேதி ஆயுத பூஜை. விடுதி அறையில் இதே லேப்டாப்பைத் துடைத்து, மூடியில் சந்தனம், குங்குமம் வைத்து, படம் எடுத்து குடும்பக் குழுவில் போட்டேன். இரண்டு வாரம் கழித்து அதையே செத்துப் போச்சு என்று சொல்லிவிட்டேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் தாப்பாவில் பஸ் ஏறி மலைக்குப் போனேன். வீட்டில் கால் வைத்துப் பசியாற உட்கார்ந்ததும் அம்மா ஒரு கைக்குட்டை முடிச்சைக் கொண்டு வந்து தட்டுப் பக்கத்தில் வைத்தார். உள்ளே அவர் சங்கிலி. "தங்கம் இப்ப நல்ல விலையில இருக்கு. அடகு வச்சா உன் லேப்டாப்புக்கு ஆகிடும். தங்கச்சிக்குன்னு வச்சிருந்தேன், அதுக்கு இன்னும் நாளு கெடக்கு" என்றார். நான் தலையைக் குனிந்து தோசையைத் தின்றேன். பொய் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நம்ம மொழியில் ஒரு வசதி இருக்கிறது. வசதியா ஆபத்தா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. மூச்சுவிடக் காற்று வேணும் என்கிறோம். புதுச் சட்டை வேணும் என்கிறோம். தேவைக்கும் ஆசைக்கும் பேச்சில் ஒரே சொல். 'தேவை' என்று தனிச்சொல் இருக்கிறது, ஆனால் வீட்டில் யார் அப்படிப் பேசுகிறோம்? நான் ஆசையில் சொன்ன 'வேணும்', மலை ஏறிப் போவதற்குள் அம்மா காதில் தேவையாகிவிட்டது. வார்த்தை மாறவே இல்லை. அதனால்தான் நான் பொய் சொல்லவில்லை என்று என்னையே ஏமாற்ற முடிந்தது. 'அப்படித்தான்' என்று சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை அந்தச் சாக்காவது மிஞ்சியிருக்கும்.

போன வருடம் நம் இளைஞர் வகுப்பில் அபரிக்கிரகம் பற்றி, அதாவது தேவைக்கு மேல் பொருள் சேர்க்காமல் இருப்பது பற்றி, பத்து நிமிடம் பேசியவனும் நான்தான். யோகத்தின் ஐந்து யமங்களில் அது ஐந்தாவது. இரண்டாவது சத்தியம். ஐந்தாவதைப் பேசிக் கைத்தட்டு வாங்கியவன் இரண்டாவதைத் தாண்டிக் குதித்துவிட்டான்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. எழுந்து, 'செத்துப் போன' லேப்டாப்பைத் திறந்து, டாஸ்க் மேனேஜரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொறியியல் படிப்பவன் என்று பெயர், மூன்று வருடத்தில் இதை ஒரு தடவைகூட நிதானமாகப் பார்த்ததில்லை. டிஸ்க் 100 விழுக்காடு. ரேம் 90-ஐத் தாண்டி. பிராசஸரோ 20-க்கும் 30-க்கும் நடுவே சும்மா உட்கார்ந்திருந்தது.

இதைப் புரிந்துகொள்ள அம்மா வேலை செய்யும் தேயிலை ஆலையே போதும். பறித்து வந்த கொழுந்தை முதலில் நீளத் தொட்டிகளில் பரப்பிக் காற்று விட்டு வாட்டுவார்கள். பிறகு உருட்டி, நிறம் மாற விட்டு, உலர்த்தி, சலிப்பார்கள். வாட்டுவதற்கு மட்டுமே சாதாரணமாக 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மற்றதெல்லாம் அதைவிட ரொம்பச் சீக்கிரம் முடிந்துவிடும். இப்போது முதலாளி ஒருவர் ஆசைப்பட்டு இரண்டு மடங்கு வேகமான உருட்டு இயந்திரம் வாங்கினார் என்று வையுங்கள். தேயிலை சீக்கிரம் வந்துவிடுமா? இயந்திரம் கொழுந்துக்காகக் காத்துக்கிடக்கும், அவ்வளவுதான். பணத்தைத் தொட்டியில் போட்டிருக்கணும்.

கணினித் துறையில் இதற்கு ஆம்டால் விதி என்று பெயர். ஜீன் ஆம்டால் என்ற பொறியாளர் 1967-இல் வைத்த வாதம். பல செயலிகளைச் சேர்த்தால் எவ்வளவு வேகம் கூடும் என்பதற்காக அவர் சொன்னது, ஆனால் பழைய லேப்டாப்புக்கும் அப்படியே பொருந்தும். ஒரு வேலைக்கு 100 விநாடி ஆகிறது, அதில் 80 விநாடி டிஸ்குக்காகக் காத்திருப்பது என்று வைத்துக்கொள்வோம். பிராசஸரை இரண்டு மடங்கு வேகமாக்கினால் மிச்சமாவது 10 விநாடி. டிஸ்கைப் பத்து மடங்கு வேகமாக்கினால் 72 விநாடி. எது விலை உயர்ந்தது என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. எது மற்றவற்றைக் காக்க வைக்கிறது என்பதுதான் கேள்வி.

அதனால் கடைக்குப் போவதற்கு முன்பு கவாத்து. தேயிலைச் செடியை விட்டுவிட்டால் மரமாகிவிடும். இடுப்பளவில் நிறுத்தி, சில வருடத்துக்கு ஒருமுறை கிளையெல்லாம் வெட்டி மொட்டையாக்குவார்கள். பார்க்கவே பாவமாக இருக்கும், அப்புறம்தான் நல்ல கொழுந்து வரும். என் லேப்டாப்பை ஐந்து வருடமாக யாரும் கவாத்து செய்யவில்லை. திறக்கும்போதே தானாக எழுந்திருக்கும் நிரல்கள் பதினான்கு இருந்தன. அதில் ஒன்று, படிவம் ஐந்தில் ஒருமுறை பயன்படுத்திய பிரிண்டருக்கானது. அந்தப் பிரிண்டர் யாருடையது என்றுகூட நினைவில்லை. எல்லாவற்றையும் நிறுத்தினேன். செலவு பூஜ்யம். திறக்கும் நேரம் பாதியாகக் குறைந்தது.

இன்னொன்றையும் அன்று கவனித்தேன். விடுதியில் ஓயாமல் இரையும் மின்விசிறி வீட்டில் அமைதியாக இருந்தது. நம்ம மலைக் குளிர் அதற்குக் காரணம். சமவெளி வெக்கையில் அது சூடாகிறது, சூடானதும் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இரண்டு ஊரில் இரண்டு வேகம் என்றால் கோளாறு சூட்டில் இருக்கிறது என்று அர்த்தம். பின்மூடியைக் கழற்றினால் விசிறிக்குப் பின்னால் பஞ்சு மாதிரித் தூசி அடைத்திருந்தது. பிராசஸருக்கு மேல் தடவும் வெப்பப் பசை காய்ந்து சுண்ணாம்பாகிக் கிடந்தது. புதுப் பசை 15 வெள்ளி.

அதற்கப்புறம்தான் செலவு. பழைய ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் தட்டு. ஒரு சுற்றுக்கே 11 மில்லிவிநாடி ஆகும். ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை அது தேடித் தேடி எடுக்கணும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதற்கு ஒன்றுமில்லை. 480 ஜிபி உள்ளது 135 வெள்ளிக்குக் கிடைத்தது. கடைக்காரர் இன்னும் வேகமான என்.வி.எம்.இ. வகையைக் காட்டினார். என் லேப்டாப்பில் அதைச் செருகவே இடமில்லை. இருப்பது பழைய சாட்டா இணைப்பு, நொடிக்குக் கிட்டத்தட்ட 600 எம்பி அதன் உச்சவரம்பு. இருக்கிற குழாய்க்குத் தகுந்த தண்ணீர் போதும். ரேம் 4 ஜிபி இருந்தது, ஒரு இடம் காலி. இன்னொரு 4 ஜிபி, பயன்படுத்தியதுதான், 55 வெள்ளி. வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்து லேப்டாப் பலவற்றுக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டி.டி.ஆர்.3எல் வகைதான் ஒத்துவரும். பெயரில் கடைசி 'எல்' இல்லாததை வாங்கிவிட்டு முழிக்காதீர்கள்.

மொத்தம் 205 வெள்ளி. குளிக்கப் போக இப்போது நேரம் கிடைப்பதில்லை.

விண்டோஸ் விஷயத்தையும் சொல்லணும். நான் அம்மாவுக்குப் போன் செய்த அதே வாரம், அக்டோபர் 14ஆம் தேதி, விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்தது. ஓராண்டுக்குப் பாதுகாப்பு நீட்டிப்பு உண்டு என்று அப்போது அறிவித்திருந்தார்கள். விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை பிராசஸராவது இருக்கணும். என்னுடையது 5ஆம் தலைமுறை. 'லேப்டாப்புக்குக் காலம் முடிஞ்சிருச்சு' என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சாக்குகளில் இதுவும் ஒன்று. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் தேதி பார்த்துச் சாவதில்லை. லினக்ஸ் மின்ட் போட்டேன். மேட்லேப் அதிலும் ஓடுகிறது. சாலிட்வொர்க்ஸ் ஓடாது. அதற்கு மட்டும் பல்கலைக்கழகக் கூடத்துக்குப் போகிறேன். சில நாள் இரவு பத்து மணிக்குக் கூடத்தை மூடும்போது எரிச்சலாக இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட கணக்குப்படி 2022-இல் மட்டும் உலகத்தில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்கழிவு சேர்ந்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடு. மிச்சத்தில் கொஞ்சம் எங்கே வருகிறது என்பது கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன்கள் பிடிபடும் செய்தி படிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

இங்கேயே நிறுத்தினால் இது சிக்கனப் பிரசங்கம் ஆகிவிடும். அப்படி ஆகக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

என்னோடு படிக்கும் நண்பன் ஒருவன். அப்பா இல்லை, அம்மா கடையில் வேலை. கட்டுப்பாட்டுக் காலத்தில் அவர்கள் கஷ்டப்பட்டு வாங்கியது புத்தம் புது லேப்டாப், ஆனால் கடையிலேயே விலை குறைந்தது. 4 ஜிபி ரேம், அது பலகையோடு பற்றவைத்தது. சேமிப்பு 64 ஜிபி, அதுவும் பற்றவைத்தது. கழற்ற, மாற்ற, சேர்க்க ஒரு திருகாணிக்குக்கூட வழியில்லை. என் மாமா அலுவலகத்துக்கென வாங்கிய விலை கூடிய லேப்டாப் பத்து வருடம் கழித்தும் திறந்து கொடுக்கிறது. அவன் அம்மா வாங்கிய மலிவு லேப்டாப் ஐந்தே வருடத்தில் கைவிரித்துவிட்டது. இதை நான் பல நாள் யோசித்தேன். 'இருக்கிறதை வச்சுச் சமாளி' என்ற அறிவுரையைக் கடைப்பிடிக்கவும் கொஞ்சம் காசு முன்னாலேயே செலவாகியிருக்கணும். அது இல்லாதவனிடம் போய்ச் சிக்கனம் பேசினால், அதற்குப் பெயர் அறிவுரை இல்லை. அவன் வேலைகளைப் பிந்திப் பிந்திக் கொடுத்து மதிப்பெண் இழந்தான். "மனசு இருந்தா மார்க்கம் உண்டு" என்று ஒரு மூத்த மாணவர் அவனிடம் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நானும் பக்கத்தில் நின்றேன். அவனுக்குப் புதுசு வேணும். அங்கே அந்தச் சொல்லில் ஆசை இல்லை. இப்போது அவனுக்கு ஒரு பழைய அலுவலக லேப்டாப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், ரேம் கழற்ற வருகிறதா என்று முதலில் கேட்டுவிட்டு. பிரான்சில் 2021 முதல் லேப்டாப் விற்கும்போதே பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று பத்துக்கு இத்தனை என மதிப்பெண் போட்டுக் காட்டணும். நம்ம கடைகளிலும் அப்படி ஒன்று ஒட்டியிருந்தால் அவன் அம்மா வேறு ஒன்றை எடுத்திருப்பார்.

நான் வைத்துக்கொண்ட கணக்கு இது, சரியா என்று நீங்களே பாருங்கள். மாற்றும் செலவு, அதே வேலையைச் செய்யும் நல்ல பழைய லேப்டாப்பின் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றாதே. பேட்டரி வீங்கியிருந்தால் கணக்கே பார்க்காதே, உடனே கழற்று. படிப்பு நிற்கிறது என்றால் வெட்கப்படாமல் கேள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவனின் லேப்டாப்பைப் பார்த்த பிறகுதான் வேகம் குறைந்தது என்றால், ஒரு மாதம் பொறு. கடைசி விதி எனக்கே எனக்கானது.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் அம்மாவிடம் சொன்னேன். சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டு, "ம்மா, அது செத்துப் போகல. மெதுவாத்தான் இருந்துச்சு. நான்தான் ஆசைப்பட்டுச் சொல்லிட்டேன்" என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு, "ஆசைன்னே சொல்லியிருக்கலாமேய்யா. ஆசைக்கும்தான் அம்மா இருக்கேன். ஆனா ஆசைன்னு தெரிஞ்சா தங்கச்சி சங்கிலியத் தொட்டிருக்க மாட்டேன்" என்றார். அவ்வளவுதான். அன்று முழுக்க என்னிடம் அதிகம் பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்கை 18 வெள்ளிக்கு ஓர் உறை வாங்கிப் போட்டுத் தங்கச்சிக்குக் கொடுத்திருக்கிறேன். மெதுவாக இருந்தாலும் படங்களும் பாடங்களும் வைக்க அது போதும். டிசம்பரில் மறுபடி வீட்டுக்குப் போனபோது அம்மாவின் போனைக் கையில் எடுத்தேன். கட்டுப்பாட்டுக் காலத்தில் எங்களுக்கு வகுப்பறையாக இருந்த அதே போன். திரையில் இரண்டு வருடமாக ஒரு கீறல். "இதை மாத்தணுமாம்மா?" என்று கேட்டேன். "போதும்யா. ஓடுதுல்ல" என்றார்.

முன்பென்றால் அதோடு விட்டிருப்பேன். அம்மா 'போதும்' என்று சொல்லிக் கேட்டுக்கேட்டே வளர்ந்தவன் நான். சோற்றுப் பானையில் ஒன்றும் இல்லாத நாளிலும் அவர் அதையேதான் சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை போனைத் திருப்பி மேசைமேல் வைத்துப் பார்த்தேன். தட்டையாகப் படியவில்லை, ஆடியது. பின்மூடி ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு விலகியிருந்தது. உள்ளே பேட்டரி உப்பிக்கொண்டு வந்திருக்கிறது. அதைத் தலைமாட்டில் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் தினமும் தூங்குகிறார்.

அணைத்து, ஒரு பழைய பிஸ்கட் டின்னில் வைத்து வீட்டுக்கு வெளியே வைத்தேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தானா ராத்தாவுக்கு எடுத்துப் போனோம். அம்மா வழி முழுக்க, "ஓடிட்டுத்தானேடா இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.